வீட்டுக்கடன் அடைச்சாச்சு, பத்திரமும் கையில இருக்கு, ஈ.சி.யில (வில்லங்கச் சான்றுல) மட்டும் அடமானம் அப்படியே நிக்குது

மேலூர்க்காரன் | திங்கள், காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் அப்பா பேர்ல ஒரு வீடு. 2014ல ஒரு பொதுத்துறை வங்கியில வீட்டுக்கடன் வாங்கி 2022ல முழுசா அடைச்சோம். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், என்.ஓ.சி. (பாக்கி இல்லைன்னு வங்கி தர்ற தடையில்லாச் சான்று) எல்லாத்தையும் அப்பவே வாங்கி பீரோவுல வெச்சாச்சு. இப்ப வீட்டை விக்கிறோம். அட்வான்ஸ் வாங்கிட்டோம். வாங்கறவர் லோன் போடறார். அவர் பேங்கோட பேனல் வக்கீல் ஈ.சி. எடுத்துப் பார்த்துட்டு, "2014 எம்.ஓ.டி. (பத்திரத்தை ஒப்படைச்சு அடமானம் வெச்ச ஆவணம்) இருக்கு, ரசீது எங்க?"ன்னு கேட்டு ஃபைலை நிறுத்தி வெச்சுட்டார். என்.ஓ.சி.யைக் காட்டினா "இது போதாது"ங்கிறார்.

கடன் கொடுத்த வங்கி இப்ப அந்தப் பேர்லயே இல்ல, 2020ல இன்னொரு வங்கியோட சேர்ந்துருச்சு. இந்த என்ட்ரியை அழிக்க யாருக்கு மனுப் போடணும்? அப்புறம், லேட் பண்ணினா வங்கி நாளைக்கு 5,000 ரூபாய் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிருக்காமே. 2022ல இருந்து கணக்குப் போட்டா அரைக் கோடி தாண்டுது. கேக்கலாமா?

பதிவறை_ஓய்வு | திங்கள், காலை 11.05

தம்பி, பதிவில் ஏறிய எதையும் யாரும் அழிக்க முடியாது. வங்கி கடிதம் கொடுத்தாலும் சரி, சார்பதிவாளரே மனது வைத்தாலும் சரி. 2014-இல் 1-ஆம் புத்தகத்தில் ஏறிய ஒப்படைப்பு ஆவணம் இன்னும் ஐம்பது வருடம் கழித்து வில்லங்கம் போட்டாலும் வரத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது அதற்கு எதிர்ப்பதிவு. கடன் முழுதும் வரவாகிவிட்டது என்று வங்கி எழுதிக் கொடுத்து, சார்பதிவகத்தில் பதிவாகிற ரசீது ஆவணம்.

அது பதிவானதும் ஈ.சி.யில் புதிதாக ஒரு வரி சேரும். அந்த வரியில் முந்தைய ஆவண எண் என்ற இடத்தில் 2014 ஆவணத்தின் எண்ணும் வருடமும் இருக்கும். படிக்கிற வக்கீல் இரண்டையும் ஜோடி சேர்த்துப் பார்த்து, அடமானம் தீர்ந்தது என்று எழுதுவார். உங்கள் ஈ.சி.யில் இப்போது ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது.

என்.ஓ.சி. உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான காகிதம். சார்பதிவகத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கோவை_வக்கீல் | திங்கள், மதியம் 1.20

ஐயா சரியாச் சொல்லிட்டார். அந்த அரைக் கோடியை மட்டும் மறந்துடுங்க சார். ரிசர்வ் வங்கி அந்தச் சுற்றறிக்கையை விட்டது 2023 செப்டம்பர் 13. பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டிய நாள் 2023 டிசம்பர் 1 அல்லது அதுக்கு அப்புறம் வந்தா மட்டும்தான் அது பொருந்தும். நீங்க 2022லயே முடிச்சுட்டீங்க, பத்திரமும் கைக்கு வந்துருச்சு.

சட்டம்னு பார்த்தா, கடன் தீர்ந்த அன்னைக்கே உங்க அடமானமும் தீர்ந்துருச்சு. 1882 சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 58(எஃப்)படி, பத்திரத்தை ஒப்படைச்சு உண்டாகிற அடமானம் இது. பணம் போய்ச் சேர்ந்து பத்திரம் திரும்பி வந்தா வங்கிக்கு அந்த வீட்டு மேல ஒண்ணும் பாக்கி இல்ல. ஆனா பேனல் வக்கீல் உங்க பீரோவைப் பார்த்துக் கருத்து எழுத முடியாது, பதிவைப் பார்த்துத்தான் எழுதணும். நாளைக்குக் கேள்வி வந்தா அவர் கையெழுத்துதான் மாட்டும். அவரைத் திட்டாதீங்க.

மேலூர்க்காரன் | திங்கள், மாலை 6.15

நன்றி சார், நன்றி ஐயா. இன்னைக்கு ஈ.சி.யை நானே போர்டல்ல எடுத்துப் பார்த்தேன். 2014 தவிர 2017லயும் அதே வங்கி பேர்ல இன்னொரு ஒப்படைப்பு ஆவணம் இருக்கு! அப்பாகிட்ட கேட்டா, மாடி எடுக்க டாப்-அப் (அதே வீட்டு மேல கூடுதல் கடன்) வாங்கினது அதுங்கிறார். ரெண்டு கடனும் ஒண்ணாவே முடிஞ்சுது, என்.ஓ.சி. ஒண்ணுதான் கொடுத்தாங்க. பேனல் வக்கீல் 2017ஐப் பத்தி வாயே திறக்கல. நானா சொல்லணுமா?

பதிவறை_ஓய்வு | திங்கள், இரவு 8.30

சொல்லுங்கள். இன்று கண்ணில் படாதது கிரயத்துக்கு முதல் நாள் படும்.

டாப்-அப் வாங்கியவர்கள் பலருக்கும் இதுதான் சிக்கல். முதல் எம்.ஓ.டி.க்கு மட்டும் ரசீது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், இரண்டாவது அப்படியே நிற்கும். இரண்டு ஆவணங்களுக்கும் ரசீது வேண்டும். தனித்தனியாக இரண்டு ரசீது போட்டால் ஈ.சி.யில் குழப்பமே இருக்காது. ஒரே ரசீதில் முடிப்பதானால் இரண்டு ஆவண எண்ணும், இரண்டு வருடமும், இரண்டு கடன் தொகையும் வாசகத்தில் வந்தாக வேண்டும். கணினியில் ஏற்றும்போதும் இரண்டு எண்ணையும் ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சொத்து விவரத்தை 2014 ஆவணத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நடுவில் சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். ஈ.சி. சர்வே எண்ணை வைத்துத் தேடுகிறது. ரசீது ஒரு எண்ணிலும் எம்.ஓ.டி. வேறு எண்ணிலும் ஏறினால் இரண்டும் ஒரே தாளில் சந்திக்காது, பதிவு செய்த பலன் பாதிதான்.

இன்னொன்று. உங்கள் ஊர் 2014-க்குப் பிறகு வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சார்பதிவகங்களைப் பிரித்துப் புதிதாகப் பல திறந்திருக்கிறார்கள். மாறியிருந்தால் ரசீது இன்று எல்லை வைத்திருக்கும் அலுவலகத்தில் பதிவாகும். ஈ.சி. இரண்டு இடத்துக்கும் போட வேண்டும்.

வங்கி_மேசை | செவ்வாய், காலை 7.50

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்க வேண்டாம். இணைந்த வங்கி என்றதும் பயப்படாதீர்கள். 2020 ஏப்ரல் 1 அன்று ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில் சேர்ந்தன, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியில், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியில். பழைய வங்கியின் உரிமையும் கடமையும் மொத்தமாகப் புதிய வங்கிக்கு வந்துவிட்டன. ரசீதை எழுதிக் கொடுக்க வேண்டியது புதிய வங்கிதான்.

வாசகத்தில் மட்டும் கவனம் தேவை. 2014 ஆவணத்தில் பழைய வங்கியின் பெயர், ரசீதில் புதிய வங்கியின் பெயர். இரண்டையும் இணைக்கும் ஒரு வரி, அதாவது மத்திய அரசின் இணைப்பு அறிவிக்கையும் தேதியும், ரசீதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் "யாருடைய அடமானத்தை யார் தீர்த்தது?" என்று அடுத்த வக்கீல் கேட்பார். கையெழுத்துப் போடும் மேலாளர் தன் அதிகாரப் பத்திரத்தின் நகலையும் அடையாள அட்டையையும் கொண்டுவருவார்.

கணக்கு முடிந்து வருடங்கள் ஆனதால் கிளைக்காரர்களுக்கு உங்கள் ஃபைல் உடனே கிடைக்காது. பழைய கடன் எண், என்.ஓ.சி. நகல், பத்திரம் திருப்பித் தந்தபோது கையெழுத்து வாங்கிய பட்டியல், இரண்டு எம்.ஓ.டி. நகல், இவற்றை வைத்து எழுத்தில் மனுக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பதோடு நின்றுவிடும். எங்கள் இனத்தைப் பற்றி நானே சொல்கிறேன்.

செர்சாயிலும் பார்க்கச் சொல்லுங்கள். அது 2011-இல் இருந்து இயங்கும் மத்தியப் பதிவகம், அடமானம் வைத்த சொத்தெல்லாம் அங்கே தனியாக ஏறும். கடன் தீர்ந்ததும் அங்கேயும் வங்கி தீர்வு காட்ட வேண்டும். சொற்பக் கட்டணத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். வாங்குகிறவரின் வங்கி கட்டாயம் பார்க்கும்.

மேலூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.10

மனுக் கொடுத்து முத்திரை வாங்கிட்டேன் சார். மேலாளர் நல்ல மாதிரியாத்தான் பேசினார். ஆனா "ஆவண எழுத்தர், டாக்குமெண்ட், எல்லாம் நீங்க ரெடி பண்ணுங்க, நான் வந்து கையெழுத்துப் போடறேன்"ங்கிறார். அவர் கைகாட்டின எழுத்தர் ரெண்டு ரசீதுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் ரேட் சொல்றார், கேட்டா தலை சுத்துது. அரசாங்கத்துக்கு எவ்வளவுதான் கட்டணும்?

பதிவறை_ஓய்வு | செவ்வாய், இரவு 9.45

ரசீது ஆவணத்துக்குப் பதிவுக் கட்டணம் முன்பு 20 ரூபாய். 2023 ஜூலை 10 முதல் 200 ரூபாய். அதோடு கணினிக் கட்டணம் போன்ற சில்லறை. எம்.ஓ.டி. போடும்போதுதான் கடன் தொகையில் சதவீதக் கணக்கு, ரசீதுக்குக் கிடையாது. மிச்சமெல்லாம் எழுத்துக் கூலியும் அலைச்சல் கூலியும்தான். வாசகம் ஒன்றரைப் பக்கம், வங்கியிடமே மாதிரி இருக்கும், கேளுங்கள். போர்டலில் நீங்களே விவரம் ஏற்றி டோக்கன் போடலாம்.

கடல்கடந்தவன் | செவ்வாய், இரவு 11.55

கேள்விக்கு நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். இதை ஏன் நாம செலவு பண்ணிச் செய்யணும்? அடமானம் வெச்சுக்கிட்டது வங்கி, அவங்கதானே விடுவிக்கணும்? ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில 'எந்தப் பதிவகத்தில் ஏறிய பொறுப்பையும்' 30 நாளுக்குள்ள நீக்கணும்னு இருக்கே.

வங்கி_மேசை | புதன், காலை 7.35

கிளைகளில் அதை செர்சாய் என்றுதான் படிக்கிறோம். அடுத்த பத்தியில் பொறுப்புத் தீர்வுப் படிவம் தாக்கல் செய்வது என்று வருகிறது. சார்பதிவகத்தில் படிவம் கிடையாது, அங்கே ஆவணம் பதிவாக வேண்டும். ஓர் அதிகாரி அரை நாள் கிளையை விட்டுவிட்டுப் போய் டோக்கனுக்கு உட்கார்ந்து விரல்ரேகை வைக்க வேண்டும். கிளையில் இரண்டே அதிகாரிகள் இருந்தால் இது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கோவை_வக்கீல் | புதன், காலை 10.10

ஆள் பத்தலைங்கிறது வங்கியோட பிரச்சினை சார், கடன்காரர் பிரச்சினை இல்ல. 'எந்தப் பதிவகத்திலும்'னு எழுதினதை 'செர்சாய்ல மட்டும்'னு குறுக்கிப் படிக்க இடம் இல்லைங்கிறது என் கட்சி. 2023 டிசம்பருக்கு அப்புறம் கடன் முடிச்சவங்க எல்லாரும், கடைசித் தவணை கட்டறப்பவே "சார்பதிவகத்தில் ரசீதும் போட்டுத் தரவும்"னு எழுத்தில கேளுங்க. 30 நாள் தாண்டினா வங்கியோட குறைதீர் பிரிவுக்குப் புகார் கொடுங்க. அங்க 30 நாள்ல பதில் வரலைன்னாலும் வந்த பதில் திருப்தி இல்லைன்னாலும், ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) இணையத்திலயே போடலாம். 14448ல கேட்டா வழி சொல்வாங்க. வங்கியோட தப்பால தாமதம்னா மட்டும்தான் அந்த 5,000. நீங்க கூப்பிட்டப்ப போகாம இருந்துட்டுக் கேட்டா கிடைக்காது.

வங்கி_மேசை | புதன், காலை 10.40

ஒம்புட்ஸ்மேன் அப்படித் தீர்ப்புச் சொன்னால் நாங்களும் செய்துவிட்டுப் போகிறோம். அதுவரை கிளையில் நடப்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

திருச்சி_தேவி | புதன், மதியம் 3.25

என் கணவர் பேரில் கடன். அவர் தவறிய பிறகு இன்ஷூரன்ஸ் பணத்தில் கடன் அடைந்துவிட்டது. பத்திரம் கேட்டால் "வாரிசு எல்லாரும் வரணும்" என்கிறார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ரசீதும் அதுவரை போட முடியாதாம். அப்படி விதி இருக்கிறதா?

கோவை_வக்கீல் | புதன், மாலை 5.00

ரெண்டையும் சேர்த்துக் குழப்பறாங்க மேடம். பத்திரத்தை யார் கையில கொடுக்கறதுங்கிறதுக்கு வாரிசுச் சான்று கேக்கறது நியாயம். மகன் அந்த நாட்டுல உள்ள இந்தியத் தூதரகத்தில கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அதிகாரம் அனுப்பலாம். கடன்காரர் இறந்துட்டா வாரிசுகளுக்குப் பத்திரம் தர்ற நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் எழுதி வெச்சு, இணையதளத்திலயும் போடணும்னு அதே சுற்றறிக்கை சொல்லுது. அதைக் காட்டச் சொல்லுங்க.

ரசீது வேற கதை. அதை எழுதிக் கொடுக்கறது வங்கி. பதிவுச் சட்டம் பிரிவு 32படி எழுதிக் கொடுக்கறவரே தாக்கல் பண்ணலாம். வாரிசு எல்லாரும் நேர்ல வந்து நிக்கணும்னு சட்டத்தில எங்கேயும் இல்ல.

கடல்கடந்தவன் | புதன், இரவு 10.30

என் கேஸ் கொஞ்சம் வேற. சென்னையில ஃபிளாட். நான் கடனே வாங்கல, முழுப் பணமும் கட்டி வாங்கினது. ஆனா ஈ.சி. போட்டா பில்டர் வாங்கின கட்டுமானக் கடன் அடமானம் வருது!

கோவை_வக்கீல் | வியாழன், காலை 9.20

மொத்த மனையையும் வெச்சு பில்டர் கடன் வாங்கியிருப்பார். உங்க பிரிபடாத பங்கும் அதுக்குள்ளதான் இருக்கு, அதனால எல்லா ஃபிளாட் ஈ.சி.யிலயும் அது வரும். உங்க கிரயத்துக்கு முன்னாடி அந்த வங்கி உங்க ஃபிளாட் நம்பரைப் போட்டு விடுவிப்புக் கடிதம் கொடுத்திருக்கான்னு பாருங்க. இருந்தா அதைப் பத்திரத்தோட பத்திரமா வைங்க. பில்டர் கடன் முழுசா தீர்ந்திருந்தா மொத்த மனைக்கும் ரசீது போட வைக்கணும். அதை அசோசியேஷன் மூலமா எல்லாருமாச் சேர்ந்து கேளுங்க, தனி ஆளாப் போனா மதிக்க மாட்டாங்க. கடன் தீரல, விடுவிப்புக் கடிதமும் இல்லன்னா இந்த இழை பத்தாது. உடனே ஒரு வக்கீலை நேர்ல பாருங்க.

தஞ்சை_மிராசு | வியாழன், மதியம் 12.15

உங்களுக்கெல்லாம் வங்கியாவது இருக்கு. எங்க தாத்தா 1987ல ஒருத்தர்கிட்ட நிலத்தை அடமானம் வெச்சு 40,000 வாங்கினார். மூணு வருஷக் கெடு, பதிவான பத்திரம். பணம் அப்பவே கொடுத்தாச்சுன்னு பாட்டி சொல்லுது. கொடுத்தவரும் இல்ல, வாங்கினவரும் இல்ல. ஈ.சி.யில மட்டும் ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க.

பதிவறை_ஓய்வு | வியாழன், மாலை 4.40

மிராசு, முதலில் வீட்டுப் பெட்டியில் அந்த அசல் அடமானப் பத்திரம் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்தில் பணம் தீர்ந்ததும் பத்திரத்தின் பின்பக்கத்தில் "அசலும் வட்டியும் முழுதும் வரவாகிவிட்டது" என்று செல்லு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதிவுச் சட்டம் பிரிவு 17(2)-இல் பதினொன்றாவது இனம், அடமானப் பத்திரத்திலேயே எழுதும் அப்படிப்பட்ட வரவுக் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்கிறது. ஆகவே செல்லு செல்லுபடியாகும், ஆனால் ஈ.சி.யில் வராது. பழைய ஈ.சி.க்களில் தீராததுபோல நிற்கும் கிராமத்து அடமானங்களில் நிறைய இந்த வகைதான். பத்திரம் உங்கள் வீட்டில் இருப்பதே பாதி சாட்சி, செல்லும் இருந்தால் பெரும்பாலான வக்கீல்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கோவை_வக்கீல் | வியாழன், இரவு 7.30

செல்லு கிடைக்கலைன்னா காலவரையறையைப் பாருங்க. 1963 காலவரையறைச் சட்டம், இனம் 62. அடமானக் கடனை வசூலிக்க வழக்குப் போட 12 வருஷம், பணம் கொடுக்கவேண்டிய கெடுவுல இருந்து. உங்க கெடு 1990, அதனால 2002லயே முடிஞ்சுது. நடுவுல கடனை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்ததோ, கொஞ்சம் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டதோ இருந்தா மட்டும் கணக்கு மாறும். அந்தக் குடும்பத்து வாரிசுகள் நல்ல மாதிரின்னா அவங்களே சேர்ந்து ரசீது போட்டுத் தரலாம், அதுதான் சுத்தம்.

ஒண்ணு மட்டும் முக்கியம். நிலத்தை அவங்க அனுபவத்தில விட்ட ஒத்தியா இருந்தா இந்த 12 வருஷக் கணக்கைச் சொல்லிட்டுப் போக முடியாது. நிலம் இப்ப யார் அனுபவத்தில இருக்கு?

தஞ்சை_மிராசு | வியாழன், இரவு 8.05

நாங்கதான் சார் பயிர் வைக்கிறோம், எப்பவும். பெட்டியைத் தேடிட்டு வரேன்.

மேலூர்க்காரன் | வெள்ளி, காலை 8.50

ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார், "ரசீதெல்லாம் வேண்டாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அடமானம் இருந்தாலும் பதிவு பண்ணித்தான் ஆகணும்"னு. நிஜமா?

கோவை_வக்கீல் | வெள்ளி, காலை 11.30

பாதி நிஜம். தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ, 2022ல வந்தது. முந்தைய அசல் பத்திரம் வேணும், தீராத அடமானம் இருந்தா தடையில்லாச் சான்று வேணும், இல்லைன்னா பதிய மாட்டோம்னு அது சொன்னுச்சு. அதோட முதல் உட்பிரிவை 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. உரிமை இருக்கா இல்லையான்னு விசாரிக்கிறது சார்பதிவாளர் வேலை இல்லைன்னு காரணம் சொல்லிச்சு. அதே மாசம் சட்டமன்றத்தில பதிவுச் சட்டத்துக்கே திருத்த மசோதா கொண்டுவந்துட்டாங்க.

ஆனா உங்க ஃபைலை நிறுத்தினது சார்பதிவாளர் இல்லையே, வாங்கறவரோட வங்கி. சார்பதிவாளர் பதிஞ்சே கொடுத்தாலும் அந்த வங்கி பணத்தை விடாது. அண்ணன் சொல்ற தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

மேலூர்க்காரன் | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.20

ரெண்டு ரசீதும் பதிவாயிருச்சு. மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்து விரல்ரேகை வெச்சுட்டுப் போனார். பேக்கேஜ் எழுத்தரை விட்டுட்டு வங்கி கொடுத்த மாதிரியை வெச்சே நான் தயார் பண்ணினேன், ஊர்ல தெரிஞ்ச ஒரு எழுத்தர் சரிபார்த்துக் கொடுத்தார். செர்சாய்ல 2014 கடன் ஏற்கெனவே தீர்ந்ததாக் காட்டுது, 2017 மட்டும் அப்படியே இருந்துச்சு. அதையும் முடிச்சுட்டாங்களாம்.

ஒரே ஒரு சிக்கல். புது ஈ.சி.யில ரெண்டாவது ரசீதுக்கு நேரே முந்தைய ஆவண வருஷம் 2017க்குப் பதிலா 2016னு இருக்கு. ரசீதுல சரியாத்தான் எழுதிருக்கு. பிழைத்திருத்தல் ஆவணம் போடணுமா?

பதிவறை_ஓய்வு | வியாழன், இரவு 9.00

வேண்டாம். ஆவணம் சரி, அட்டவணையில் ஏற்றியதுதான் தவறு. பிழைத்திருத்தல் ஆவணம் போட்டால் மறுபடி வங்கி மேலாளரை இழுக்க வேண்டும். பதிவான ரசீதின் நகலை வைத்து அட்டவணைத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள், சார்பதிவகத்திலேயே சரிசெய்வார்கள். திருத்தம் ஏறியபின் 2014-க்கு முன்னாலிருந்து இன்றுவரை ஒரே ஈ.சி.யாக எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

மேலூர்க்காரன் | வியாழன், இரவு 9.25

சரிங்க ஐயா, காலையில போயிடறேன். வாங்கறவர்கிட்ட கிரயத் தேதியை ரெண்டு வாரம் தள்ளி வெக்கச் சொல்லிருக்கேன், ஒத்துக்கிட்டார்.

தஞ்சை_மிராசு | வியாழன், இரவு 11.10

பெட்டியில பத்திரம் கிடைச்சுது. பின்னாடி செல்லு இருக்கு, ஆனா 25,000க்கு மட்டும்தான். தேதி 1991. மீதி 15,000க்கு ஒண்ணும் இல்ல. வக்கீல் சார், இப்ப 12 வருஷம் 1990ல இருந்தா, 1991ல இருந்தா?

கோவை_வக்கீல் | வெள்ளி, காலை 9.15

1991ல இருந்து புதுசா எண்ணினாலும் 2003ல முடிஞ்சுது, கவலை வேண்டாம். பத்திரம் உங்க பெட்டியில இருக்கறதும் உங்களுக்குத்தான் சாதகம். செல்லுல கையெழுத்து யாரோடதுன்னு மட்டும் பாருங்க, தாத்தாவோடதும் இருக்கான்னு. வாரிசுகளைப் போய்ப் பார்க்கும்போது அசலை எடுத்துட்டுப் போகாதீங்க, நகல் போதும்.